பதினைந்தில் குப்பை, ஐம்பதில் பொக்கிஷம்

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என்னிடம் ஒரு ஃபியட் பாலியோ எஸ்10 இருக்கிறது. பத்து என்பது சச்சினின் சட்டை எண். அவர் பெயரைச் சொல்லி ஃபியட் 500 கார்கள் மட்டும் செய்து விற்றது. 1.6 லிட்டர் இன்ஜின், 100 குதிரைத்திறன். ஜென்னும் சான்ட்ரோவும் அறுபதை ஒட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது நூறு. "ஹேட்ச்பேக்கைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்ங்கறியே" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காட் ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மும்பையில் இருப்பதால் பிழைத்தது. தகுதிச் சோதனை செய்து, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்ட்டில் இருபது வயதைத் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கினார்கள். சரி, அதில்கூட எனக்குச் சண்டை இல்லை. பழசை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவன் காசு கொடுக்கட்டும்.

தில்லிக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். பீரோ, கிரைண்டர், பிள்ளைகளின் டி.சி. எல்லாம் கூட வரும். கார் மட்டும் வராது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015இல் போட்ட உத்தரவுகளின்படி தில்லி, நொய்டா, குர்காவ் வட்டாரத்தில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருடம், டீசலுக்குப் பத்து. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் இந்த வண்டிகளுக்குப் பெட்ரோலே போடக்கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே பின்வாங்கினார்கள். ஆகஸ்ட்டில் நீதிமன்றம் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டும்தான் என்று திருத்தியது. என் வண்டி பி.எஸ்.2. ஆக, எந்தக் குடைக்கும் கீழே இல்லை.

இப்போது இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் தனிப் பதிவு, 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். கண்காட்சிக்கு, பேரணிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று ஓட்டிக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது. நல்ல விதி, மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே நிபந்தனை, வண்டிக்கு ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும்.

பதினைந்தில் நொறுக்கச் சொல்கிற ஊரில் ஒரு கார் ஐம்பதை எப்படித் தொடும்? நடுவில் இருக்கிற முப்பத்தைந்து வருடம் அது எங்கே ஒளிந்திருக்க வேண்டும்? நிறைய இடம் வைத்திருக்கிற பணக்காரன் மூடி வைத்துக் காத்திருப்பான். மாதச் சம்பளக்காரன் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் எத்தனை வருடம் ஒளித்து வைப்பது? மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் பாரம்பரியமாம், நடுத்தர வர்க்கம் கடன் வாங்கி ஓட்டிய வண்டி மட்டும் பழைய இரும்பாம். இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியே கொஞ்சம் பாருங்கள். ஜெர்மனியில் முப்பது வயதான வண்டி நல்ல நிலையில் இருந்தால் நம்பர் முடிவில் 'எச்' எழுத்து தருகிறார்கள். புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் அந்த வண்டி போகலாம். பிரிட்டனில் நாற்பது வயதுக்கு மேல் சாலை வரி கிடையாது. அதைவிட முக்கியம், அந்த வயதை எட்டும்வரை அங்கே எவனும் பிறந்த தேதியை மட்டும் பார்த்து வண்டியை நொறுக்கச் சொல்வதில்லை.

"தில்லிக் காற்றைப் பார்த்தீரா ஓய்?" என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். பி.எஸ்.2 வண்டி கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பி.எஸ்.6ஐ விட அதிகம் புகைவிடும், மறுக்கவில்லை. ஆனால் என் எஸ்10 வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிற பதினான்கு வயது வண்டி சட்டப்படி யோக்கியன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற என் வண்டி குற்றவாளி! போதாக்குறைக்கு, தில்லியில் வயது முடிந்த கார்களில் பல, தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு பாதி விலைக்கு வேறு மாநிலம் போய் அங்கே புகைவிடுகின்றன. புகை ஒழியவில்லை, ஊர் மாறியிருக்கிறது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் இன்னொன்று. வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், குறைந்துவரும் மதிப்பு முறையில். நூறு ரூபாய் வண்டி பதினைந்து வருடம் கழித்து ஏட்டில் சுமார் எட்டே முக்கால் ரூபாயாக நிற்கும். கல்நெஞ்சக்கார வருமான வரிச் சட்டமே இன்னும் எட்டே முக்கால் பாக்கி இருக்கிறது என்கிறது :-) வயதுத் தடைதான் பூஜ்யம் போடுகிறது.

வண்டியைப் பராமரிக்கிற கஷ்டம் இவர்களுக்குத் தெரியாது. 2019இல் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. பாலியோ தயாரானது இங்கே குர்லாவில். இன்று அதற்குப் பாகம் தேடிப் போகிற இடமும் குர்லாதான், சி.எஸ்.டி. ரோட்டு பழைய சாமான் கடைகள். நொறுக்கப்பட்ட அண்ணன் தம்பிகளின் கண்ணாடியும் கதவுப்பிடியும் என் வண்டிக்கு வருகின்றன. டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றினால் போதாது, குறைவாக ஓடுகிற வண்டிக்கு வருடத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் கதவுகளின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளைக் குத்திவிடாவிட்டால் துரு ஏறும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு ரப்பர் குழாய்களை வருடம் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். இவ்வளவு கவனிப்பில் இருக்கிற வண்டிக்கும், கவனிப்பாரற்றுக் கரும்புகை கக்குகிற வண்டிக்கும் ஒரே மரண தண்டனை.

எங்கள் கிளையில் ஒரு இளைஞர் கேட்கிறார், "ஏன் சார், ஸ்டாஃப் லோன் போட்டு ஒரு எஸ்யூவி எடுத்துடலாமே?" தம்பி, கடன் விற்பது நம் பிழைப்பு. அதற்காக ஓடுகிற வண்டியை நொறுக்கச் சொல்வதா? புது வண்டி செய்யவும் இரும்பு உருக்க வேண்டும், அதற்கும் புகை உண்டு.

மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளும் குர்லாவில் பிறந்தவைதான். கடைசியாகப் பதிவான வண்டிக்கு இருபது வயது முடிந்து, 2023 அக்டோபரோடு அவை சாலையை விட்டுப் போயின. அன்றைக்கு ஊரே போட்டோ போட்டுக் கண்ணீர் விட்டது. இருக்கும்போது பாதுகாக்க விதி செய்யாமல் போனபின் அழுவதில் நமக்கு ஈடு இல்லை.

நான் கேட்பது இலவசம் அல்ல. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு வகுப்பு வையுங்கள். வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் உச்சவரம்பு, ஓடோமீட்டரைப் படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்கான புகைச் சோதனை. குளிர்காலத்தில் தில்லிக் காற்று மோசமாகிற நாட்களில் வெளியே எடுக்கத் தடை போடுங்கள், சாவியை வேண்டுமானாலும் உங்களிடமே தருகிறேன். கட்டணம் அதே இருபதாயிரம் என்றாலும் மறுநாள் காலையிலேயே டி.டி. எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பேன்.