சுருக்கலாம்; ஆனால் எங்கே?



பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் படித்துக்கொண்டு, புரோகிராமில் மட்டும் கதவைத் திறந்து போடலாமா? இதுதான் என் கேள்வி.

ரூபி மொழியை ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1993-ல் உருவாக்கத் தொடங்கி, 1995-ல் வெளியிட்டார். அதில் சைன், காஸ், லாக் எல்லாம் 'மேத்' என்ற மாட்யூலுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் 'மேத்.காஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். சிவில் நண்பர்களுக்காக ஒரு டிராவர்ஸ் கணக்கு எழுதினால் பக்கம் முழுக்க மேத், மேத்! "என்னப்பா இது, மந்திரம் ஓதுற மாதிரி?" என்று அலுப்பு வருவது நியாயமே.

உடனே நம்மில் பலர் ஃபைலின் தலையிலேயே 'இன்க்ளூட் மேத்' என்று ஒரு வரி போட்டுவிடுகிறோம். அப்புறம் வெறும் 'காஸ்' போதும். ஆனால் அந்த வரி அந்த ஃபைலோடு நிற்பதில்லை. புரோகிராமில் உள்ள ஏறக்குறைய எல்லா ஆப்ஜெக்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. புராஜெக்டில் வேறொரு நண்பர், செய்தி பதிவதற்காக 'லாக்' என்று ஒரு மெத்தடைக் கூப்பிட்டுவிட்டு, அதை எழுத மறந்துவிட்டார் என்று வையுங்கள். "அப்படி ஒரு மெத்தடே இல்லை" என்று ரூபி சொல்லாது. மேத்தின் லாக் ஓடிவந்து, எழுத்தை எண்ணாக்க முடியவில்லை என்று புலம்பும். பிழை ஒன்று, புலம்பல் வேறொன்று!

வருகைப் பதிவேட்டில் இரண்டு முருகன் இருந்தால் இனிஷியல்தானே காப்பாற்றுகிறது? 'மேத்' என்பதும் காஸுக்கு இனிஷியல்தான். வீட்டுக்குள் அது வேண்டாம், வெளியே வேண்டும். ஆகவே அந்த வரியைக் கணக்குப் போடும் கிளாஸுக்குள் மட்டும் எழுதுங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. சர்வேயில் நாம் எடுப்பது டிகிரி. மேத் கேட்பதோ ரேடியன். ஒவ்வொரு தடவையும் கோணத்தைப் பையால் பெருக்கி 180-ஆல் வகுக்கிறோம். இன்க்ளூட் போட்டாலும் இந்தப் பாடு தீராது. நீளத்தையும் கோணத்தையும் வாங்கிக்கொண்டு லாட்டிட்யூடைத் தரும் சின்ன மெத்தட் ஒன்றை நாமே எழுதிவிட்டால், 'மேத்.காஸ்' ஒரே இடத்தில்தான் வரும். திரும்பத் திரும்ப வரும் வரி, "எனக்கு ஒரு பேர் வையுங்கப்பா" என்று கேட்கிறது. அதைச் சுருக்குவதைவிடப் பெயர் வைப்பதே மேல்.

நாம் டிப்ளமோ வாங்கிப் போனபின் நம் புராஜெக்டைத் திறக்கப்போவது அடுத்த பேட்ச் ஜூனியர்தான். அவனுக்கு எது எங்கிருந்து வருகிறது என்று புரிய வேண்டாமா?

கதவைப் பூட்டுவோம், சாவியையும் கொடுத்துவிட்டுப் போவோம்!