தணிக்கைக்கு ஒரு கிரயம்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று ருஷ்யாவில் சில இணையச் சேவை நிறுவனங்களின் சந்தாதாரர்களுக்கு, அதுகாறும் தடங்கலின்றி இயங்கிவந்த ‘டோர்’ என்னும் உலாவி வேலை செய்யாமற் போயிற்று. சராத்தோவ் மாவட்ட நீதிமன்றம் 2017-இல் அளித்திருந்த தீர்ப்பொன்றை ஆதாரமாகக் காட்டி, சில நாட்களுக்குள் அதன் இணையதளமும் முடக்கப்பட்டது. கணினிகளின் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு தடை செய்வதென்பது எந்த அரசாங்கத்துக்கும் கைகூடும் காரியமாகையால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தடைகளைத் தாண்டுவதற்கென்றே டோர் ஸ்தாபனத்தார் ஆக்கியிருந்த ‘ஸ்னோஃப்ளேக்’ என்னும் கருவியும் அதே வேளையில் சிக்கிக்கொண்டது. காரணத்தை ஆராயப் புகுந்தபோது, இரு கணினிகள் பேசத் தொடங்குமுன் ஒன்றுக்கொன்று முகமன் கூறிக்கொள்ளும் முதற்கணத்தில், பிற மென்பொருள்கள் அனுப்பாத ஒரு சின்னஞ்சிறு விவரத்தை இக்கருவி அனுப்பி வந்ததென்பதும், இணையத்தில் செல்லும் கோடானுகோடித் தகவற் பொட்டலங்களுக்கிடையே அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கும்படி தணிக்கை இயந்திரம் பழக்கப்பட்டிருந்ததென்பதும் தெரியவந்தன. அவ்விவரம் நீக்கப்பட்டது, கருவி மறுபடியும் ஓடிற்று.

இத்தகைய செய்திகளைப் படிப்பவர்கள், பூட்டுச் செய்பவனுக்கும் கள்ளச் சாவி செய்பவனுக்கும் நடக்கும் ஓயாத போட்டியாகவே இதனைக் கருதி, முடிவில் எவனுடைய யுக்தி மேலோங்கும் என்று கேட்பது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அந்தக் கேள்வியே பிசகானது. டோரின் தணிக்கை எதிர்ப்புக் குழுவினரும் அவர்களுக்கு முன் அவ்வேலையைச் செய்தவர்களும் பட்டுவந்திருக்கும் பாட்டை நிதானமாக நோக்குவோமானால், யுக்திகளெல்லாம் சில மாதங்களுக்கோ சில ஆண்டுகளுக்கோ மட்டுமே பயன் தருவன என்பதும், ஒரு வழியை அடைப்பதற்காகத் தன் சொந்த நாட்டின் வியாபாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் எவ்வளவு நஷ்டம் நேர்வதை ஓர் அரசாங்கம் சகித்துக்கொள்ளும் என்னும் கணக்கே கடைசியில் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது என்பதும் விளங்கும்.

டோரின் பூர்வோத்தரம் சற்று விசித்திரமானது. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களில் உருவான ஒரு கருத்திலிருந்து பிறந்து, 2006-இல் லாப நோக்கமற்ற ஸ்தாபனமாக அமைந்தது அது. ஒருவர் அனுப்பும் செய்தியை அடுக்கடுக்காக உறையிட்டு மூன்று கணினிகளின் வழியே செலுத்தி, அனுப்பியவர் யார், அவர் நாடிய இடம் எது என்னும் இரண்டையும் சேர்த்து எந்த ஒரு கணினியும் அறியாதபடி செய்வது அதன் தொழில். அக்கணினிகளின் பட்டியல் பகிரங்கமானது. ஆகவே 2009 செப்டம்பரில் சீன அரசாங்கம் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வாயில்களையெல்லாம் அடைத்தது. பட்டியலில் வெளியிடப்படாத ‘பாலங்கள்’ இதற்குப் பரிகாரமாக அமைந்தன. சீனத் தணிக்கையாளரோ, பாலமென்று சந்தேகத்துக்குரிய கணினிக்குத் தாமே டோர் பயனரைப்போல வேஷமிட்டு அழைப்பு விடுத்து, அது டோரின் பாஷையில் விடை சொன்னதும் அதனை அடைக்கும் தந்திரத்தைக் கைக்கொண்டார்கள். பின்னர் 2014-இல் வந்த ‘ஆப்ஸ்-4’ என்னும் முறை, ரகசியத்தை முன்கூட்டியே அறிந்து வருபவருக்கன்றி மற்றெவருக்கும் வாய் திறப்பதில்லை. ஈரானில் வேறொரு வித்தை நடந்தது: சாதாரண இணையதளங்களின் சான்றிதழ்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் செல்லுபடியாக, டோரின் சான்றிதழ்களோ இரண்டு மணி நேரமே செல்லுபடியாவனவாக இருந்தமையால், அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றிக்கொண்டு 2011 செப்டம்பரில் டோரை மட்டும் பிரித்தெடுத்து அடைத்தார்கள். திருத்தம் அன்றைக்கே வெளிவந்தது.

கிளி செத்துவிட்டது என்று குறும்பாகத் தலைப்பிட்டு, 2013-இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். ஸ்கைப் போன்ற பிரபலமான மென்பொருள்களைப் பாவனை செய்து தணிக்கையாளரை ஏமாற்ற முயலும் கருவிகள் அடிப்படையிலேயே குறைபாடுடையவை என்பது அவர்களுடைய வாதம். பாவனை செய்பவன் மூலத்தின் ஒவ்வொரு குணத்தையும், அதன் பிழைகளையும்கூட, அப்படியே காட்டியாக வேண்டும். கண்டுபிடிப்பவனுக்கோ ஒரே ஒரு வித்தியாசம் அகப்பட்டாற் போதும்.

அப்படியானால் எதைப்போலவும் இராமல், முற்றிலும் பொருளற்ற எண்களின் குவியலாகக் காட்சியளிப்பதே உத்தமமென்று பல கருவிகள் நெடுநாள் அவ்வாறே இயங்கின. 2021 நவம்பரில் சீனாவின் தணிக்கை இயந்திரம் அதற்கும் ஒரு வழி கண்டது. இன்னதென்று அறிந்து அடைப்பதை விட்டு, தனக்குத் தெரிந்த வகைகளையெல்லாம் முதலில் கழித்துவிட்டு, எஞ்சி நின்றதை அடைக்கலாயிற்று. இணைப்பின் முதற் பொட்டலத்தின் தொடக்கத்தில் ஆறு எழுத்துக்கள் சாதாரணமாக அச்சிடக்கூடிய எழுத்துக்களாயிருந்தால் விட்டுவிடும். இல்லையேல் வேறு சில சோதனைகள். இதை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டவர்கள் கண்ட இன்னொரு விஷயமே எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. அந்த விதியை எங்கும் பிரயோகித்தால், சாதாரணப் போக்குவரத்திலும் சுமார் 0.6 சதவீதம் அநியாயமாக அடைபட்டுப்போகும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இயந்திரமோ, பிரபலமான தரவு மையங்களின் முகவரிகளுக்குச் செல்லும் இணைப்புகளை மட்டும், அவற்றிலும் ஏறக்குறைய 26 சதவீதத்தை மட்டும், இவ்விதிப்படி அடைத்து வந்தது. பிரஜைகளின் வாயை அடைப்பதில் தயக்கமே காட்டாத ஓர் அரசாங்கம், தவறுதலாக அடைபடும் வியாபாரத்தைப் பற்றி இத்தனை நுட்பமாகக் கணக்குப் பார்த்திருக்கிறது!

இக்கணக்கையே ஆயுதமாக்கிக்கொண்ட முறை ஒன்று முன்பே இருந்தது. ‘மீக்’ என்னும் கருவி, உறையின் மேல் கூகுள் அல்லது அமேசான் போன்ற பெருநிறுவனத்தின் பெயரையும், உறைக்குள்ளே உண்மையான முகவரியையும் எழுதி அனுப்பும். அடைக்க விரும்பும் அரசாங்கம் அப்பெருநிறுவனத்தையே அடைத்தாக வேண்டும். 2018 ஏப்ரலில் டெலிகிராம் செயலியை ஒழிக்கப் புறப்பட்ட ருஷ்ய நிர்வாகம், உண்மையாகவே அந்த நஷ்டத்தை மேற்கொண்டு, அமேசானுக்கும் கூகுளுக்கும் உரிய முகவரிகளைக் கோடிக்கும் அதிகமாக முடக்கிற்று. சம்பந்தமில்லாத பல சேவைகள் ஸ்தம்பித்தன. டெலிகிராம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜூனில் தடையே விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசாங்கம் தோற்ற கதையாக இதனைச் சொல்வார்கள். ஆனால் அதே 2018 ஏப்ரலில் கூகுளும் அமேசானும் தத்தம் உறைகளை இவ்விதம் உபயோகிக்க இடமில்லாமற் செய்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது தாங்கள் மனமுவந்து அளித்த வசதியே அல்ல என்று கூகுள் கூறியது. சட்டப்படி அது மெய்தான். எனினும், பிறருடைய லாபக் கணக்கின் நிழலில் ஒதுங்கி நிற்கும் சுதந்திரத்துக்கு, அந்த நிழல் நகரும்போது வெயிலில் நிற்க நேரும்.

ஸ்னோஃப்ளேக் கருவியின் சிறப்பு, அது பெருநிறுவனத்தை விட்டுச் சாமானியர்களை நாடியதில் இருக்கிறது. தடையில்லாத நாட்டில் வசிக்கும் ஒருவர் தம் உலாவியில் சிறு நீட்சி ஒன்றைச் சேர்த்துவிட்டால், அவருடைய கணினி சிறிது நேரத்துக்கு ஒரு பாலமாகிவிடுகிறது. அவர் அணைத்துவிட்டால் மற்றொருவருடையது அந்த இடத்துக்கு வருகிறது. தோன்றி மறையும் இம்முகவரிகளைப் பட்டியலிட்டு அடைப்பது பெருந்தொல்லை. அன்றியும், இவ்விணைப்புகள் காணொலி உரையாடலுக்குரிய தொழில்நுட்பத்தைப் போலி செய்யாமல் உள்ளபடியே பயன்படுத்துவதால், அந்தத் தொழில்நுட்பத்தை ஒட்டுமொத்தமாக முடக்குவதென்றால் பாடசாலை வகுப்பும் அலுவலகக் கூட்டமும் நின்றுபோகும். 2022 செப்டம்பரில் மாஹ்ஸா அமினி என்னும் இளம்பெண்ணின் மரணத்தையொட்டி ஈரானில் கிளர்ச்சி மூண்டபோது, இதைப் பயன்படுத்துவோர் தொகை மளமளவென்று உயர்ந்தது. அடுத்த மாதமே, இக்கருவியை எழுதிய கணினி மொழிக்கே உரிய முகமன் முறையை அடையாளமாகக் கொண்டு அங்கே தடுத்தார்கள். பிரபல உலாவிகளின் முகமனை மேற்கொள்ளும்படி குழுவினர் திருத்தினார்கள்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டென்பதை மறைப்பது நியாயமாகாது. நஷ்டத்துக்கு அஞ்சும் அரசாங்கத்திடமே கிரயம் பேச முடியும். ஈரான் பல ஆண்டுகளாக உள்நாட்டுக்கென்றே ஒரு தகவல் வலையைக் கட்டிவந்திருப்பதன் உத்தேசம், வெளியுலகத் தொடர்பை அறுத்தாலும் வங்கிகளும் அலுவலகங்களும் ஓடவேண்டும் என்பதே. 2019 நவம்பரில் அந்நாடு ஏறக்குறைய ஒரு வார காலம் வெளி இணையத்தினின்றும் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அவ்வாறு கம்பியே அறுபட்டபின், மேற்சொன்ன கருவிகளில் எதனாலும் பிரயோஜனமில்லை. ஆகவே தடைகளைத் தாண்டும் கருவிகளைப் பற்றிக் கவலைப்படுவோர், இத்தகைய உள்நாட்டு வலைகளைப் பற்றி அதைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும்.

குற்றவாளிகளும் டோரைப் பயன்படுத்துகிறார்களே என்னும் ஆட்சேபம் எப்போதும் எழும். பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. தெஹ்ரானில் செய்தி படிக்க விரும்பும் மாணவிக்கு இல்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய கருவி ஒன்றை நிர்மாணிப்பதற்கு நிதியளிக்கப் பலர் முன்வருவார்கள். பழைய கருவியை நாள்தோறும் பழுதுபார்ப்பதற்கு அளிப்போர் அரிது. ஆனால் குழுவின் வேலையில் பெரும்பகுதி பழுதுபார்ப்பதுதான்: ஒரு நாட்டில் பயனர்களின் எண்ணிக்கை திடீரென்று சரிந்தால் காரணம் தேடுவது, பாலங்களின் முகவரிகளைத் தணிக்கையாளர் மொத்தமாக அள்ளிவிடாதபடி, வேண்டியவர்களுக்குச் சிறுகச் சிறுக வினியோகிப்பது, தடைபட்டவர்களின் கடிதங்களுக்கு விடை எழுதுவது. சாதாரண இணையதளப் போக்குவரத்தோடு கலந்து செல்லும் ‘வெப்டனல்’ முறையை 2024 மார்ச்சில் வெளியிட்டபின், அதே ஆண்டு நவம்பரில், ருஷ்யாவில் தடை கடுமையாவதைக் கண்டு, அவ்வகைப் பாலங்கள் 200 வேண்டுமென்று உலகத்தாரிடம் அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. இத்துறையின் முக்கிய நிதியாதாரங்களில் ஒன்று அமெரிக்க அரசாங்கத்தின் பணம். அதனை வினியோகிக்கும் ஓப்பன் டெக்னாலஜி ஃபண்ட் என்னும் ஸ்தாபனத்துக்குரிய மானியம் 2025 மார்ச்சில் ரத்து செய்யப்பட்டு, அந்த ஸ்தாபனம் நீதிமன்றத்தை நாட நேர்ந்ததிலிருந்து, ஒரே அரசாங்கத்தை நம்பியிருப்பது ஒரே பெருநிறுவனத்தை நம்பியிருப்பதற்குச் சமானமே என்று தெளிந்திருக்க வேண்டும்.

இக்கட்டுரையைப் படிப்பவர்களில் கணினியும் தடையற்ற இணைப்பும் உடையவர்கள், குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வழியே வரும் அந்நியர் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரியும் தெரியாது, ஏனெனில் அவருடைய செய்தி டோரின் வேறு கணினிகளின் வழியாகவே வெளியேறுகிறது. உங்களுக்கு ஆகும் செலவு, மாதத்தில் சிறிது டேட்டா மட்டுமே.