'இனஃப்' எங்கய்யா வரும்?

யாராவது "ஐ ஆம் நாட் இனஃப் குட்" என்று சொல்லிவிட்டால் போதும், நம்ம ஆபீஸ் இங்கிலீஷ் மேதாவிகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அய்யா, தமிழ்ல "போதுமான பணம்", "போதுமான அளவு பெரிய வீடு" ரெண்டுலயும் 'போதுமான' முன்னாடிதானே வருது? அந்தப் பழக்கத்துலதான் அவன் சொன்னான்.

இங்கிலீஷ்ல "இனஃப் மணி", ஆனா "பிக் இனஃப்". இதை மனப்பாடம் பண்ணச் சொன்னதோட சரி. இடம் மாறினால் அர்த்தமே மாறும் என்று எத்தனை பேர் சொல்லித் தந்தாங்க? "லார்ஜ் இனஃப் ஃபைல்ஸ்" என்றால் ஒவ்வொரு ஃபைலும் போதுமான சைஸ். "இனஃப் லார்ஜ் ஃபைல்ஸ்" என்றால் பெரிய ஃபைல்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கு.

இந்த ஒரு ஜோடியைப் போர்டில் எழுதிக் காட்டினால் ஜென்மத்துக்கும் மறக்காது. அதை விட்டுட்டு சிரிக்கிறீங்களே, நியாயமா?