ஏஜென்ட் டீனாவுக்கு வந்த அழைப்பு

1986-இல் வந்த ‘விக்ரம்’ படத்தின் உளவாளியை, 36 ஆண்டுகள் கழித்து அதே பெயரில் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார் லோகேஷ் கனகராஜ். 2022 ஜூனில் வெளியான அந்தப் படத்தில் கமல்ஹாசனுக்கு இணையாகப் பேசப்பட்டவர் ஏஜென்ட் டீனா. வீட்டு வேலை செய்யும் பெண்ணாக அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தவர், ஆபத்து வந்ததும் பழைய பயிற்சியோடு எழுந்து நிற்கிறார். திரையரங்குகள் அதிர்ந்தன. அடுத்த ஆண்டு வந்த ‘ஜெயிலர்’ படத்தில் பேரனோடு பொழுதுபோக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் அதே கைதட்டல்தான். ஹாலிவுட்டில் ஓய்வுபெற்ற உளவாளிகளை வைத்து 2013-இல் சிரிக்கச் சிரிக்க எடுத்த ‘ரெட் 2’ படமும் இதே நம்பிக்கையில்தான் ஓடியது. கற்ற தொழில் கையைவிட்டுப் போகாது, தேவை வரும்போது அந்தக் கையைத் தேடிப் போக வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. அது உண்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிலாளர்களை வேலைக்கு எடுக்கும் முறையில் அதற்கு இடமே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், அங்கே சேர்ந்தார்கள். நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கியிருந்ததால் அந்த ஆலை அதன் கைக்குப் போகவில்லை. 2014-இல் வி.ஆர்.எஸ். எனப்படும் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வில் வெளியேறியவர்களில் பெரும்பாலோருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திரையில் நரைத்த தலைக்குக் கிடைக்கும் மறுவாய்ப்பு இவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். அன்று நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி, ஆட்குறைப்பு செய்த நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால் பழைய தொழிலாளிக்கே முன்னுரிமை தர வேண்டும். ஆனால் விருப்ப ஓய்வை அதே சட்டம் ஆட்குறைப்பாகக் கணக்கில் கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டவுடன் அந்த உரிமை போய்விட்டது. போதாக்குறைக்கு, அந்த முன்னுரிமை பழைய முதலாளியை மட்டுமே கட்டுப்படுத்தும். மூடிக் கிடந்த அந்த ஆலையை சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்குவதாக 2019-இல் அறிவிப்பு வந்தபோது, அங்கே முன்பு வேலை பார்த்தவர்களை முதலில் அழைக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை.

செல்போன் பூட்டும் வேலை உளவு வேலையா, சில வாரத்தில் யாரும் பழகிவிடலாமே என்று சொல்வார்கள். திருகு முடுக்கும் இடத்துக்கு அது பொருந்தலாம். பழுதான போர்டைப் பார்த்து எந்த இணைப்பில் கோளாறு என்று கண்டுபிடிப்பவருக்கும், ஒரு லைனையே ஷிப்ட் முழுக்க நிற்காமல் ஓட்டும் லைன் லீடருக்கும் பொருந்தாது. அந்தத் தேர்ச்சி ஆண்டுக்கணக்கில் வருவது. இழப்பீடு வாங்கிக்கொண்டுதானே போனார்கள் என்ற வாதமும் உண்டு. இழப்பீடு போன வேலைக்கான பணம். எட்டு ஆண்டு அனுபவத்தை அடுத்த கம்பெனியின் வாசலில் காட்ட அது உதவாது. அங்கே அவர் மறுபடி டிரெய்னி, அதுவும் வயது கூடிய டிரெய்னி. பெண்ணாக இருந்தால் இன்னும் கடினம். சுங்குவார்சத்திரம் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை ஐபோன் வேலைக்குத் தவிர்ப்பதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. திருமணமும் பிள்ளைப்பேறும் ஒரு பெண்ணின் கைத்திறனை அழிப்பதில்லை என்பதை டீனாவுக்குக் கைதட்டிய எவரும் மறுக்க முடியாது.

புதிதாக வருபவர்களுக்கு அரசு செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது நல்ல காரியம். அதே அக்கறை வெளியேறியவர்களிடமும் வேண்டும். ஆலை மூடும்போது ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் பார்த்த வேலை, இயக்கிய இயந்திரம், தேர்ந்த நிலை ஆகியவற்றைக் குறித்து அரசே சான்றிதழ் தரலாம். அந்தப் பெயர்களைத் தொழிலாளர் துறை ஒரு பதிவேட்டில் வைத்திருக்கலாம். சிப்காட் நிலமும் மானியமும் பெறும் புதிய நிறுவனம், ஆள் எடுக்கும் முன் அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களை வயது வரம்பும் திருமணக் கேள்வியும் இன்றி நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நிலத்தைக் கொடுக்கும் அரசுக்கு அந்த நிபந்தனையை வைக்கும் அதிகாரமும் உண்டு.