கூட்டமா குற்றவாளி?

கோடை முடியும் தறுவாயில் தஞ்சைத் தரணியில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்பது. மற்றொன்று, பிள்ளைகளோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களின் புலம்பல். முதல் பேச்சுக்குத் தலையங்கம் உண்டு; தலைவர்களின் அறிக்கை உண்டு. இரண்டாவது பேச்சு வீட்டுத் திண்ணையோடு அடங்கிவிடுகிறது. அதை இன்று நாம் மன்றத்துக்குக் கொண்டுவருகிறோம். சிறு விஷயம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உழைப்பவனின் ஒரு நாள் மகிழ்ச்சி நமக்குச் சிறு விஷயம் அல்ல!

நடப்பது என்ன? மன்னார்குடியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடிக்கிறது. இரவெல்லாம் பயணம். பல மாதம் சேர்த்த பணம் வாசலில் சீட்டாக மாறுகிறது. உள்ளே போனால் தலை, தலை, தலை! ராட்டினத்துக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. மாலையில் கணக்குப் பார்த்தால் ஏறியது மூன்று ராட்டினம். நின்றது ஏழு மணி நேரம்! குழந்தை அழுகிறது. "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்கிறாள் மனைவி. "நீதானே போகணும்னு நின்னே" என்கிறான் கணவன். பூங்காக்காரரைக் கேட்டால், "கூட்டம் அதிகம், நாங்கள் என்ன செய்வது?" என்கிறார். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தது. குற்றவாளி கூட்டம்!

கூட்டம் என்பது யார், தோழர்களே? நீங்களும் நாமும்தானே! சீட்டு விற்கிற வரையில் நமக்குப் பெயர் வாடிக்கையாளர். இடம் போதாதபோது நமக்குப் பெயர் கூட்டம்!

ஆடி 18 அன்று காவிரிக் கரையைப் பாருங்கள். கல்லணையில், திருவையாற்றுப் படித்துறையில், ஊருக்கு ஊர் வாய்க்கால் ஓரத்தில் மக்கள் வெள்ளம். கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்து நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே கூட்டம்தான் களிப்பு! ஏன்? அங்கே இருக்கிற இடத்துக்கு மேல் யாரும் சீட்டு விற்கவில்லை. ஒருவனை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொருவனை முன்னே அனுப்பவில்லை. கூட்டம் கசப்பது, கூட்டத்தைக் காசாக்கும்போதுதான்.

"மே மாதத்தில் போகாதே, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை பார்த்துப் போ" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. அருமையான அறிவுரை! ஆனால் யாருக்கு? ஜூனில் குறுவைக்கு நாற்றங்கால். பிறகு சம்பா, தாளடி. தை மாசியில் அறுவடை. வயல் ஓய்கிற காலம் சித்திரை, வைகாசி. பள்ளி மூடுகிற காலமும் அதுவே. நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டு, "எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்களே" என்று வியப்பது விந்தை அல்லவா? கூலியாளுக்கு ஒரு நாள் ஊர் சுற்றினால் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியும் சீட்டின் விலையோடு சேர்ந்தது என்பதை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? சென்னைக்கும் தஞ்சைக்கும் இடையே உழவன் பெயரில் ரயில் ஓடுகிறது. உழவனுக்குச் சம்பளத்தோடு விடுமுறைதான் ஓடி வரவில்லை!

இனி ராட்டினத்தின் கணக்கைப் பார்ப்போம். நாலாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குத்தான். ஒரு சுற்றுக்கு 20 பேர். சுற்றுக்கு 3 நிமிடம். மணிக்கு 400 பேர். வரிசையில் 1,200 பேர் நின்றால் கடைசி ஆள் 3 மணி நேரம் நிற்க வேண்டும். இப்போது கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குத் தனி வழி திறந்து, சுற்றுக்கு 5 இடத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள். நம் வரிசைக்கு மணிக்கு 300 இடம்தான் மிச்சம். கடைசி ஆளுக்கு 4 மணி நேரம்! விற்கப்பட்டது வேகம் அல்ல, தோழர்களே. நம் பிள்ளையின் ஒரு மணி நேரம்!

அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 1999-இல் வரிசையைத் தாண்டும் சீட்டைக் கொண்டுவந்தபோது, நுழைந்தவர் எல்லோருக்கும் அது இலவசம். 2021-இல் அதற்கும் விலை வைத்தார்கள். ராட்டினம் அதே ராட்டினம். வரிசைக்குத்தான் வர்க்கம் பிறந்தது!

அதே நிறுவனத்தின் முதல் பூங்கா 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்ட கதையும் கேட்கத்தக்கது. கள்ளச் சீட்டோடு வந்தவர்களும் சேர, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான மக்கள் நுழைந்தார்கள். வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் காலணி புதைந்தது. குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. காரணம் என்ன என்றபோது குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் காட்டப்பட்டது. வேலை முடியுமுன் திறப்பு நாளைக் குறித்தவர் யார்? தொழிலாளியா? எங்கும் இதுதான் வழக்கம்: பழியைச் சுமக்க ஒரு பாட்டாளி, இல்லையேல் ஒரு கூட்டம்!

கூட்டம் குற்றவாளி அல்ல என்பதற்குச் சாட்சி நம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளத்து நெரிசலில் ஏறக்குறைய 50 உயிர் போயிற்று. 2016 பிப்ரவரியில் மறுபடி மகாமகம். அதே குளம், அதே ஊர், திரண்டதும் அதே மக்கள். பத்து நாளுக்கு நீராடலைப் பரப்பினார்கள், வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள், வழிகளைப் பிரித்தார்கள். நெரிசல் சாவு நிகழவில்லை. முழுகினால் பாவம் போகுமா என்பது வேறு வாதம். அதை இங்கே இழுக்கவில்லை. மக்கள் மாறவில்லை, ஏற்பாடு மாறியது, விளைவும் மாறியது. உயிருக்குப் பொருந்தும் இந்த உண்மை, ஒரு நாள் உல்லாசத்துக்குப் பொருந்தாதா?

ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல, கணக்கு. பூங்காவில் எத்தனை பேருக்கு இடம் என்பதை வாசலில் எழுதி வையுங்கள். நிரம்பினால் சீட்டை நிறுத்துங்கள். அன்று எந்த ராட்டினம் ஓடவில்லை என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லுங்கள். தண்ணீரும் நிழலும் சீட்டில் அடங்கியவை. அவற்றைத் தனிச் சரக்காக்காதீர்கள். வரிசை ஒன்றாக இருக்கட்டும். முன்னுரிமை கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் உடல் ஊனமுற்றவருக்கும் உரியது, பணப்பைக்கு அல்ல. அரசும் தன் பங்கைச் செய்யட்டும்: மாவட்டத்துக்கு மாவட்டம் விடுமுறையை முன்பின் ஆக்கலாமே! ஆற்றங்கரைப் பூங்காக்களை அழகுற வைத்தால், மகிழ்ச்சி தேடி மக்கள் முந்நூறு கிலோமீட்டர் ஓடவேண்டியதில்லையே!

எல்லாவற்றுக்கும் மேலாக விடுப்பு வேண்டும். 1936-இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கினர்; கடலையே காணாத குடும்பங்கள் அந்த ஆண்டு கடலைக் கண்டன. இங்கே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் விடுப்பு என்று எழுதியது. ஆலைக்கு எழுதியதை அறுவடைக் களத்துக்கு எழுத யாருக்கும் கை வரவில்லை!

அடுத்த கோடையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் இந்தச் சண்டை எழுந்தால், தோழர்களே, மனைவியைக் கடியாதீர்கள். அழுகிற குழந்தையை அடிக்காதீர்கள். முன்னே நின்ற குடும்பத்தையும் பழிக்காதீர்கள். அவனும் உங்களைப் போல் ஒரு நாள் கூலியை விட்டு வந்தவன்தான். வரிசையில் நிற்பவனைத் திரும்பிப் பார்த்தது போதும்; வரிசையை வகுத்தவனை நிமிர்ந்து பாருங்கள்!