கிருபை கைதட்டல் வாங்குறவனுக்கு மட்டுமா?

சபைக்குப் போகிற நண்பர்களுக்கு 'சாட்சி நேரம்' நல்லாவே தெரியும். போகாதவர்களுக்காக: ஆராதனைக்கு நடுவுல ஒருத்தர் எழுந்து ஆண்டவர் தனக்குச் செஞ்ச நன்மையைச் சொல்லுவார். குடியை விட்டவர் சாட்சின்னா உற்சாகம் கொஞ்சம் ஜாஸ்தி. "பத்து வருஷமா குடிச்சேன், ஒரே ராத்திரியில விட்டேன்" என்றால் அல்லேலூயா சத்தத்துல கூரை அதிரும்.

நல்ல விஷயம்தான். எனக்கு உறுத்துறது வேற. மூணு மாசம் கழிச்சு அதே ஆள் திரும்பக் குடிச்சிட்டா? அதுக்குச் சாட்சி நேரம் கிடையாது. 'பின்மாற்றக்காரன்'னு ஒரு பேர் மட்டும் தயாரா இருக்கு. அவரும் மெதுவா வர்றதை நிறுத்திடுவார். ஆக, கிருபை அதிகமாத் தேவைப்படுற வாரத்துல அவருக்குச் சபை இல்லை!

குடிநோயாளிகளுக்கான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு எப்படி ஆரம்பிச்சதுன்னு பாருங்க. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். 1935 மே மாதம், குடியை விட்டு ஐந்து மாதமே ஆன பில் வில்சன், அந்த ஊர் அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்திக்கிறார். இரண்டு பேருமே 'ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்' என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்பு உள்ளவர்கள். பில், பாப் வீட்டிலேயே வந்து தங்குகிறார். பாப்பின் மனைவி ஆன் காலையில் வேதம் வாசிக்க, எல்லாரும் உட்கார்ந்து கேட்பாங்க. பாப் குடியை நிறுத்திட்டார்.

இத்தோட முடிஞ்சிருந்தா சாட்சிக்கு நல்ல மேட்டர். ஆனா சில வாரத்திலேயே பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போய், அங்கே மறுபடி மூக்கு முட்டக் குடிச்சார். திரும்பி வந்தவரை பில்லும் ஆனும் படுக்க வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 1950-ல் சாகும்வரை அவர் குடிக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று குறிக்கப்படும் 1935 ஜூன் 10-தான் அந்த அமைப்பின் பிறந்தநாள். ஒரு சறுக்கலை அடுத்து வந்த நாள்!

அந்த வீட்டில் யாராவது "இவ்வளவு ஜெபிச்சும் இப்படிப் பண்ணிட்டியே"ன்னு கதவைச் சாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார். விட்டவன் ஒரு கிளாஸ் குடிச்சதும், 'எல்லாம் போச்சு, நான் உருப்படாதவன்'னு நினைக்கிறான். அந்தக் குற்றவுணர்வே அவனை முழு பாட்டிலுக்குத் தள்ளும் என்கிறார். அப்படின்னா நாம போடுற 'பின்மாற்றக்காரன்' பட்டம் யாருக்கு உதவி செய்யுது?

"அப்போ குடிச்சுக்கிட்டே இருக்கலாமா, கிருபைதான் இருக்கேன்னு?" என்று கேட்பீங்க. பவுல் ரோமருக்கு எழுதினபோதே இந்தக் கேள்வியை எடுத்து, கூடவே கூடாதுன்னு பதிலும் சொல்லிட்டார். கிருபைன்னா தப்பு தப்பில்லை என்பது இல்லை. தப்பு பண்ணினவன் ஒளியாமல் திரும்பி வர வழி இருக்கு என்பதுதான். பேதுருவைப் பாருங்க. மூணு தடவை மறுதலிச்ச ஆளுக்கு, இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக் காலைச் சாப்பாடு கொடுத்தார். அப்புறம் மூணு தடவை கேட்டு, மூணு தடவையும் ஆடுகளை அவர் கையிலேயே ஒப்படைச்சார். "ஆறு மாசம் ஒழுங்கா இரு, அப்புறம் பார்க்கலாம்"னு சொல்லலை.

இன்னொன்றும் சொல்லணும். ஜெபம் போதும், மாத்திரை வேண்டாம்னு சிலர் ஆலோசனை சொல்றாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பல வருஷம் விடாமல் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதும் ஊழியம்தாங்க.

அடுத்த ஞாயிறு உங்க சபையில் ஒரு இடம் காலியா இருந்தா, ஒரு போன் போடுங்க. "என்னாச்சு, குடிச்சீங்களா?"ன்னு கேட்காதீங்க. "சாப்பிட்டீங்களா, வரட்டுமா?"ன்னு கேளுங்க. பேதுருகிட்ட நடந்த பேச்சும் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே!