துப்பாக்கி யார் கையில்?

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்)

நாட்டில் எங்கேனும் ஒரு கொடுமை நடந்துவிட்டால் மறுநாள் காலை பாபநாசம் ரயிலடியிலும், கடைத்தெருவிலும், ஏன், எங்கள் வகுப்பறையிலும்கூடத் தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் காஷ்மீரத்தின் பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோதும் அப்படித்தான். ஆண்களைத் தனியே பிரித்து, மதம் கேட்டுச் சுட்டார்கள் என்று படித்தபோது எங்களில் பலருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் புல்வெளியில் அன்று பாதுகாப்புப் படை நிறுத்தப்படவில்லை என்று தெரிந்ததும் துயரம் கோபமாயிற்று. அந்தக் கோபத்திலிருந்து எழுந்த பேச்சுகளில் ஒன்று திரும்பத் திரும்ப எங்கள் காதில் விழுந்தது: "அங்கே நாலு பேரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? அரசாங்கம் எல்லாருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட வேண்டும்."

இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். எனவே இதை எள்ளி நகையாடாமல், ஆர அமர எண்ணிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். ஜம்முவின் ரஜௌரி மாவட்டத்தில் டாங்ரி என்று ஒரு சிற்றூர். 2023ஆம் ஆண்டு புத்தாண்டு நாள் இரவில் துப்பாக்கியுடன் வந்தவர்கள் வீடு புகுந்து சுட்டனர். மறுநாள் காலை அங்கே வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்துக் குழந்தைகளும் மாண்டனர். மொத்தம் 7 உயிர்கள். ஊர்க்காரர் ஒருவர் தம்மிடமிருந்த பழைய ரைஃபிளால் திருப்பிச் சுட்டதும் வந்தவர்கள் ஓடிவிட்டனர் என்று ஊரார் கூறினர். அந்தப் பகுதிகளில் 1990களின் நடுவிலிருந்தே கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் உண்டு. டாங்ரிக்குப் பிறகு அக்குழுக்களுக்குப் புத்துயிர் தந்து, மத்திய ரிசர்வ் போலீசைக் கொண்டு பயிற்சியும் அளித்தார்கள். காவல் நிலையம் மலைக்கு அப்பால் இருக்க, காடு வீட்டு வாசலில் இருக்கும் ஊர் அது. அங்கே வாழும் ஒரு தாயிடம் போய், "துப்பாக்கி பாவம், அம்மா" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்த ரைஃபிள்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக வழக்குகளும் பதிவாகியிருக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் டாங்ரிக்குப் பொருந்துவது பாபநாசத்துக்குப் பொருந்துமா? நம் காவிரிக் கரையில் தனியார் கையில் துப்பாக்கி இருந்தபோது என்ன நடந்தது என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25. உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவு. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் சேரிக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. குடிசையில் இருந்தவர்களிடம் இல்லை. சூட்டுக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் புகுந்த பெண்கள், குழந்தைகள், முதியோர் 44 பேர் தீயில் கருகினர். வயல் நடுவே நடந்த இந்தக் கொடுமையைப் பற்றி எங்கள் பாட்டிமார் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

"அப்படியானால் ஏழைக்கும் துப்பாக்கி கொடுத்திருக்கலாமே" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் முதலில் யார் வீட்டுக்குப் போகும்? நிலமும் நெல்லும் உள்ள வீட்டுக்கே போகும். நாற்று நடுகிறவள் தன் கூலியில் மிச்சம் பிடித்துத் துப்பாக்கி வாங்குவதற்குள் பக்கத்து மிராசு பத்து வாங்கிவிடுவார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 21 வயது நிரம்ப வேண்டும்; லைசென்ஸ் வேண்டும்; காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். பயங்கரவாதிகள் ஏந்தி வரும் ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டவை. சாதாரணக் குடிமகனுக்கு அவை கிடையா. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாண வீடுகளில் வானத்தை நோக்கிச் சுட்டு மகிழும் வடநாட்டுப் பழக்கத்துக்கும் அதே திருத்தம் தண்டனை விதித்தது. (நம் பக்கத்தில் அதிர்வேட்டோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பது ஓர் ஆறுதல்.)

காந்தியடிகளே வெள்ளையரின் ஆயுதச் சட்டத்தைக் கண்டித்தவர்தாமே என்று வாதிடுவோர் உண்டு. உண்மை, கண்டித்தார். ஆனால் 1878ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இந்தியனுக்கு ஒரு நீதி, ஐரோப்பியனுக்கு ஒரு நீதி என்று இருந்தது. நம்மை நம்பாத அந்நியர் நமக்கு விதித்த கட்டும், நாமே தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் எல்லாருக்கும் பொதுவாக விதித்த கட்டும் ஒன்றாகிவிடுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் கூர்மையானது. "சட்டம் நல்லவனைத்தான் கட்டும், பயங்கரவாதி லைசென்ஸ் கேட்டா வருகிறான்?" என்பது. எல்லை தாண்டி வருகிறவன் கேட்பதில்லைதான். ஆனால் கேட்டு வாங்கியவனும் உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டு 51 பேர் மரணத்துக்குக் காரணமானவன், முறைப்படி லைசென்ஸ் பெற்றவனே! அந்த நாடு ஒரு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. ஏப்ரல் 10ஆம் நாளே அவர்கள் பாராளுமன்றம் தானியங்கி போன்ற பெருந்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆதரவு 119, எதிர்ப்பு 1. மக்களிடமிருந்த துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி, 50,000க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டியது. அமெரிக்காவிலோ நேர்மாறு. அங்கே பெரிய சுட்டுக்கொலை நடந்தால் துப்பாக்கிக் கடைகளில் விற்பனை கூடுகிறது. அச்சம் ஒன்றுதான், அது இரண்டு நாடுகளை இரண்டு வழியில் நடத்தியிருக்கிறது.

கையில் துப்பாக்கி இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்பதும் அவ்வளவு எளிதன்று. 2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பைக்குள் கடல்வழி புகுந்தவர்கள் 10 பேர். அவர்களால் மாண்டவர்கள் 166 பேர். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருந்தும் சுடவில்லை என்று, அன்று உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்த பத்திரிகைப் படக்காரர் பின்னர் வேதனைப்பட்டார். அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பழைய .303 ரைஃபிளையும் போதாத பயிற்சியையும் கொடுத்து ஏ.கே. 47க்கு எதிரே நிறுத்தினால் யார்தான் என்ன செய்வார்? அதே இரவில் கிர்காம் சௌபாத்தியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, ஒருவனுடைய துப்பாக்கிக் குழாயை வெறுங்கையால் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தம் உடலில் வாங்கினார். உயிரோடு பிடிபட்டவன் அவன் ஒருவனே. பஹல்காமிலும் துப்பாக்கியைப் பறிக்கப் போய் மாண்டவர், மட்டக்குதிரை ஓட்டிப் பிழைத்த சையத் ஆதில் ஹுசைன் ஷா என்று செய்திகள் கூறின. பயிற்சி பெற்ற காவலர் வேண்டும், உரிய இடத்தில் வேண்டும், உரிய நேரத்தில் வேண்டும் என்று கேட்பதே முறை. மும்பைக்குப் பிறகு 2009ல் தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னையிலும் ஒரு மையம் அமைந்தது. நம் நாகைக் கடலோரத்தில் நடக்கும் 'சாகர் கவாச்' ஒத்திகையும் அப்படிப்பட்டதே. அது போதாது என்று கேளுங்கள். நாங்களும் சேர்ந்து கேட்கிறோம். ஆளுக்கொரு துப்பாக்கி கேட்காதீர்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? தேர்தல் அறிவித்தவுடன் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஊர் கொதித்திருக்கும் நாளில் ஒழுங்கானவர் வீட்டுத் துப்பாக்கியையும் நம்ப முடியாது என்பது நம் அரசின் நெடுநாள் அனுபவம். பஹல்காம் போன்ற செய்தி வந்த வாரத்தில் ஊர் தேர்தலைவிடப் பல மடங்கு கொதித்திருந்தது. அந்த வாரத்தில்தான் எல்லார் கையிலும் துப்பாக்கி கேட்டார்கள்!

அந்தக் கொதிப்பு யாரை நோக்கித் திரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். காஷ்மீரத்தில் மக்கள் கடைகளை அடைத்து, வீதிக்கு வந்து அந்தக் கொலையைக் கண்டித்தார்கள். ஆனால் வெளியூர்களில் படித்த காஷ்மீர மாணவர்கள் மிரட்டப்பட்டார்கள். திருமணமாகிச் சில நாள்களிலேயே கணவரைப் பறிகொடுத்த, கடற்படை அதிகாரி ஒருவரின் இளம் மனைவி, முஸ்லிம்கள்மீதும் காஷ்மீரிகள்மீதும் பகை கொள்ளாதீர்கள், நீதிதான் வேண்டும் என்றார். அந்தப் பெண்ணையே சமூக வலைத்தளங்களில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். தேசிய மகளிர் ஆணையம் தலையிட்டுக் கண்டிக்க நேர்ந்தது. இலங்கையிலும் 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களில் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டபின், மே மாதத்தில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. வீட்டிலுள்ள வாள்களையும் பெரிய கத்திகளையும் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள் என்று அங்கே போலீசார் கேட்டுக்கொண்டார்கள். அந்நேரத்தில் அவர்கள் கையில் துப்பாக்கிகள் இருந்திருந்தால்?

எங்கள் வகுப்பில் ராஜகிரியிலிருந்தும் பண்டாரவாடையிலிருந்தும் வரும் தோழியர் உண்டு. பஹல்காம் செய்தி வந்த மறுநாள் அவர்கள் வழக்கம்போல் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவர்களுக்கு அப்படித் தோன்றியதல்லவா, அதுதான் எங்களைச் சுட்டது.

டாங்ரியைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. அரசு பொறுக்கி எடுத்து, பயிற்சி தந்து, கணக்கு வைத்து, தவறினால் திரும்ப வாங்கிக்கொள்ளும் துப்பாக்கியானால் அந்த மலையூர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறோம் பெரும்பாலோர். கூடாது என்கிறார்கள் சிலர். ஆபத்து நீங்கிய பிறகு கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமா என்பது அவர்கள் கேள்வி. இருந்தும், கோடைப் பயிர் அறுவடையாகும் இந்தப் பாபநாசத்தில், ஆட்டோ ஸ்டாண்டுக்கும் அரிசிக் கடைக்கும் துப்பாக்கி வேண்டாம் என்பதில் நாங்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி.